மகள் வழியாகச் சொல்வது

நேசமணியிடம் படித்துப் பாஸான ரெஃபரிகள் ஜில்லாவில் அறுபது எழுபது பேர் இருப்பார்கள். பாதியில் ஓடிப்போனவர்கள் அதைப்போல இரண்டு மடங்கு. கால்பந்தாட்டத்துக்கு விசில் ஊதப் போகிறவனை மைதானத்தில் ஆயிரம் பேர் அப்பன் பேரைச் சொல்லி ஏசத்தான் போகிறார்கள், வகுப்பிலேயே கேட்டுப் பழகிக்கொள்ளட்டும் என்று அவர் ஒரு நியாயம் வைத்திருந்தார். நியாயமாவது மண்ணாவது, வாய்க்கொழுப்பு. சொல்லிக் கொடுக்கிற விஷயம் அத்தனை சுத்தம். சொல்லிக் கொடுக்கிற வாய்தான் சாக்கடை.

வாரநாளில் அவருக்கு ஆரியசாலையில் மிளகாய் மொத்தக் கடையில் வேலை. வீடு இருக்கிற பாறசாலையில் காலைப் பாசஞ்சர் பிடித்து, நகரத்துத் தம்பானூர் ஸ்டேஷனில் இறங்கி நடந்தே போவார். லாரியிலிருந்து மிளகாய்ச் சாக்கு இறங்கும்போது சுமட்டுக்காரர்கள் துவர்த்துத் துண்டை மூக்கில் இறுக்கிக் கட்டிக்கொண்டும் தும்மித் தும்மிக் கண்ணீர் விடுவார்கள். நேசமணி முகத்தில் ஒரு துணியும் கட்டாமல் நடுவில் நின்று சாக்கின் தையலைப் பார்ப்பார். சனி, ஞாயிறு மத்தியானம் மூன்று மணிக்கு, ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடத்தில் ரெஃபரி வகுப்பு. முன்பு அவரே ஓடி ஓடி ஊதியவர்தான். முழங்கால் முட்டு தேய்ந்த பிறகு காலை நிறுத்திவிட்டு வாயை ஓட விட்டார்.

பாடம் மலையாளத்தில் நடக்கும். ஏச்சு மட்டும் தமிழில் வரும். வகுப்பில் இருந்த எல்லாருக்கும் அந்த அளவு தமிழ் மூன்றாம் நாளே விளங்கிவிட்டது. ஷாலு என்று ஒரு பிள்ளை, பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். கொடியை எந்தக் கையில் பிடிப்பது என்று ஒருநாள் தடுமாறிவிட்டாள். "டீச்சரே, ஒங்க பிள்ளையள ரோடு கடத்தி விடுதது ஆராக்கும்? அதுவளே கடந்து போயிருமா?" என்றார். அவள் அழுதாள். ஆட்டோ ஓட்டுகிற அஜீஷிடம், "எடா, நீ மீட்டர் பாக்கமாட்டன்னு தம்பானூருல எல்லாருக்கும் தெரியும். வாட்சும் பாக்கமாட்டியா?" என்றார். அஜீஷ் சிரித்துக்கொண்டே துடைத்துப் போட்டுவிடுகிற ரகம்.

அந்த வருஷத்து வகுப்பில் நேசமணியின் மருமகன் விஜினும் வந்து உட்கார்ந்தான்.

விஜின் வீட்டோடு இருக்கிற மாப்பிள்ளை. கல்ஃபில் வேலை பார்த்த கம்பெனி ஆளைக் குறைத்தபோது பெட்டியோடு வந்தவன், இரண்டு வருஷமாக இங்கேதான். வயது முப்பத்தொன்று. ஒரு காலத்தில் இடதுபக்கம் ஓடினால் யாரும் பிடிக்க முடியாது என்று பெயரெடுத்தவன். நேசமணியின் ஒரே மகள் ரெம்யா, கல்யாணமாகி ஐந்து வருஷம், பிள்ளை இல்லை. அவள்தான் அப்பாவின் காலைப் பிடித்தாள்.

"சர்ச்சுல ஆரு கேட்டாலும் ஒனக்க மாப்பிள என்ன செய்யுதாருன்னு கேக்குதாவப்பா. சும்மா இரிக்காருன்னு நான் எத்தன நாளு சொல்லுவேன்? அவருக்கு ஒரு பேரு வேணும். பேரில்லேன்னா அவரு என்னயும் விட்டுட்டு எங்கயாவது போயிருவாரு."

அதுதான் அவளுடைய பயம். நேசமணிக்கும் அதே பயம்தான்.

இவர்கள் குடும்பத்தில் மருமகனுக்கு ஒரு மரியாதை உண்டு. மருமகன் வந்தால் மாமனார் நாற்காலியிலிருந்து எழும்ப வேண்டும். மீன்குழம்பில் நடுத்துண்டு அவனுக்கு. 'நீ' என்ற சொல் நாக்கில் வரக்கூடாது. இதையெல்லாம்விட முக்கியம், மருமகனிடம் குறை கண்டால் நேரே சொல்லக்கூடாது. மகளிடம் சொல்ல வேண்டும், மகள் பக்குவம் பார்த்துப் புருஷனிடம் சொல்வாள். நேசமணியின் மாமனார் அவரை அப்படித்தான் நடத்தினார். சாகிறவரைக்கும் ஒரு வார்த்தை நேரே சொன்னதில்லை. எல்லாம் மனைவி சரசம்மா வழியாகத்தான் வந்து சேரும்.

ஆகவே வகுப்பில் விநோதம் நடந்தது. மற்றவர்களுக்கு நெருப்பு, விஜினுக்குப் பன்னீர். முதல் வாரமே விஜின் த்ரோ-இன்னில் ஒருத்தன் முந்திப் போய் நின்றான் என்று ஆஃப்சைடு கொடுத்தான். கோட்டுக்கு வெளியிலிருந்து கையால் எறிகிற பந்தை நேரே வாங்குகிறவனுக்கு ஆஃப்சைடு கிடையாது, அது தெருவில் ஆடுகிற பயலுக்கும் தெரியும். வேறு யாராவது சொல்லியிருந்தால் நேசமணி அவனுடைய ஏழு தலைமுறையை இழுத்து வந்து பெஞ்சில் ஏற்றி நிறுத்தியிருப்பார். விஜினிடம், "மருமவனே, கொஞ்சம் ஆலோசிச்சு பாருங்க... செரி, பிறவு பாக்கலாம்," என்று கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். பின்பெஞ்சில் யாரோ இருமினார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக நேசமணி அடுக்களை வாசலில் நின்றார். துலாமாசத்து மழை கொட்டித் தீர்த்துவிட்டு ரப்பர் மரங்களிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. ரெம்யா மத்திச்சாளை கழுவிக்கொண்டிருந்தாள். அடுப்பில் மரச்சீனிக் கிழங்கு வெந்தது.

"மோளே, ஒரு காரியம்."

"கையில மீனாக்கும்ப்பா. அங்கயே நின்னு சொல்லுங்க."

"ஒனக்க மாப்பிள இண்ணைக்கு த்ரோ-இன்னுக்கு ஆஃப்சைடு குடுத்தாரு."

"அது தப்பா?"

"தப்பான்னு கேக்குதியா? கையால எறியுத பந்துக்கு ஆஃப்சைடு இல்ல. கோல் கிக்குக்கு இல்ல. கார்னருக்கு இல்ல. இந்த மூணும் மனசில இரிக்கணும்."

"என்னத்துக்கு இல்லன்னு வச்சிரிக்காவ?"

இத்தனை வருஷத்தில் 'என்னத்துக்கு' என்று கேட்கிற அளவுக்கு ஒருத்தனையும் நேசமணி விட்டுவைத்ததில்லை. வாசல்படியில் உட்கார்ந்து மகளுக்கு அரைமணி நேரம் விளக்கினார். ஒரு இடத்திலும் குரல் ஏறவில்லை. அவருக்கே ஆச்சரியம்.

சாப்பாடு முடிந்து அவர் முற்றத்தில் பல் குத்திக்கொண்டிருந்தபோது உள்ளே ரெம்யா வெங்காயத்தை எடுத்துத் தரையில் பரப்பிக்கொண்டிருப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

"இந்தப் பெரிய உள்ளி கீப்பர். இந்தச் சின்ன உள்ளி ரெண்டும் பேக். இதாக்கும் நீங்க. நான் எறியுதேன், கேட்டியளா. இப்பம் நீங்க எங்க நிக்குதிய?"

"பேக்குக்கும் பின்னால."

"ஆஃப்சைடு உண்டா இல்லியா?"

"உண்டு."

"பின்னயும் எறியட்டா?" என்று ரெம்யா சிரித்தாள். "எறியுதது கையா காலா?"

"கை. ஓ... கை! அப்பம் இல்ல."

"அம்புட்டுதான். காலால வந்தா பாக்கணும், கையால வந்தா பாக்கண்டாம்."

"நீ எங்கடீ இதொக்க படிச்ச?"

"மீன் கழுவுன நேரத்துல."

விஜின் சிரித்தான். இரண்டு வருஷத்தில் அந்த வீட்டில் அவன் வாய்விட்டுச் சிரித்துக் கேட்டதில்லை. நேசமணி பக்கத்தில் நின்ற சரசம்மாவைப் பார்த்தார். "இப்பிடியும் படிப்பிக்கலாம் போல," என்றார். சரசம்மா, "இருவத்தெட்டு வருசம் கழிஞ்சு தெரிஞ்சுதே," என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் எடுக்கப் போனாள்.

இப்படியே ஆறு வாரம். வகுப்பில் விஜின் தப்புச் சொல்வான், அது ரெம்யாவிடம் போகும், மறுவாரம் விஜின் சரியாகச் சொல்வான். பெனால்டி, பேக் பாஸ், அட்வான்டேஜ் எல்லாம் உள்ளியும் தேங்காய்த் துண்டுமாக அடுக்களைத் தரையில் நடந்தது. அது அப்படியே போயிருந்தால் இந்தக் கதை எதற்கு? அஜீஷுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. ஒருநாள் இடைவேளையில் கட்டன்சாயாவும் பழம்பொரியும் தின்னும்போது விஜின் வாய் தவறி உள்ளிக் கதையைச் சொல்லிவிட்டான். அஜீஷ் பழம்பொரியைக் கையில் பிடித்தபடி எழும்பி நின்று வகுப்புக்கே அறிவித்தான்.

"கேட்டியளா? நமக்கொக்க சாருக்க ஏச்சும் தெறியும். நம்ம விஜின் அளியனுக்கு வீட்டுல டியூஷன், அதுவும் பெஞ்சாதி! மாமனாருக்க சோறு, பெஞ்சாதிக்க பாடம். ஃபுல் சப்போர்ட்டு மக்கா!"

ஷாலு டீச்சரே சிரித்துவிட்டாள். அவளுக்கும் ஒரு ஆறுதல் வேண்டாமா.

அன்று பாசஞ்சரில் உட்கார இடமில்லை. மாமனாரும் மருமகனும் கதவோரம் நின்றுகொண்டு வந்தார்கள். நெய்யாற்றின்கரை தாண்டியதும் விஜின் ஆரம்பித்தான்.

"மாமா, ஒரு காரியம் கேக்கட்டா? என்னயும் எல்லாரயும் போல ஏசுங்க."

"என்ன பேச்சு இது மருமவனே? நான் ஒங்கள ஏசவா? கர்த்தரு பொறுக்கமாட்டாரு."

"நீங்க ஏசாம இரிக்கதாக்கும் எனக்கு பெரிய ஏச்சு. அவனுவ என்ன ஆளா மதிக்கமாட்டேங்குதானுவ. பின்ன, ரெம்யாட்ட இனி ஒண்ணும் சொல்லி விடண்டாம். தப்பு கண்டா அங்கயே, நேரே."

நேசமணி வீட்டில் வந்து சொன்னபோது சரசம்மா கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். "வேண்டாம். மருமவன் அறியாம கேக்காரு. ஒங்களுக்க வாயி ஒருக்க தொறந்தா எங்க போயி நிக்கும்னு ஒங்களுக்கே தெரியாது."

"அவருதானே கேக்குதாரு."

"கேட்டா குடுத்திரணுமா? பிள்ளைக்க வாழ்க்கையாக்கும்."

நல்ல வார்த்தை. யார் கேட்டார்கள்?

அடுத்த சனிக்கிழமை நல்ல மழை. மைதானத்துக்குப் போக முடியாமல் எல்லாரும் வகுப்பறையில் அடைந்து கிடந்தார்கள். தகரக் கூரையில் மழை அடித்ததில் பேசுகிறவன் கத்தித்தான் பேசவேண்டும். நேசமணி முந்தின நாளிலிருந்தே சரியில்லை, கடையில் நனைந்த சாக்கை இறக்கிவிட்டார்கள் என்று முதலாளி நாலுபேர் முன்னால் அவரை வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தார். கம்பால் கரும்பலகையைத் தட்டி ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டுக்கொண்டே வந்தார். விஜின் முறை வந்தது. கம்பு நீண்டது. த்ரோ-இன்தான்.

விஜினுக்குத் தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். ஆனால் அந்தக் கம்பும் அந்தப் பார்வையும் அவன் பக்கம் திரும்புவது அதுதான் முதல் தடவை.

"ஆஃப்சைடு," என்றான்.

ஒரு நொடி நேசமணி தயங்கினார். பிறகு, ஏசச் சொல்லிக் கேட்டவர்தானே என்று ஆரம்பித்தார்.

"ஓய், தெங்குல ஏறுத கொரங்குக்கும் இதுக்குள்ள வெளங்கியிரிக்கும்." வகுப்பு சிரித்தது. அஜீஷ் பெஞ்சைத் தட்டினான். விஜினும் லேசாகச் சிரித்தான், தானும் கூட்டத்தில் ஒருத்தன் என்று. அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிற ஆளா? சிரிப்பைக் கண்டதும் அவருக்கு ருசி தட்டிவிட்டது. ஆறு வாரம் அடக்கி வைத்தது, இரண்டு வருஷம் அடக்கி வைத்தது எல்லாம் வரிசையாக வந்தது.

"ரெண்டு வருசமா நடுத்துண்டு மீனு தின்னுதீரே, அதொக்க எங்க போச்சு? கல்ஃபில எதுக்கு இறக்கி விட்டானுவன்னு இப்பமில்லா தெரியுது. பெஞ்சாதி உள்ளி வச்சி படிப்பிச்சா பாடம் ஏறும், ஆளுவளுக்க முன்னால நின்னா ஒண்ணும் வராது, அப்பிடியா?"

சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. அவர் கவனிக்கவில்லை.

"ஒன்னால என்னதாம்ல ஆவும்? ஒரு வேலய வச்சிக்கிட துப்பில்ல. ஒரு பிள்ளைய குடுக்க துப்பில்ல. டாக்டரு ஒனக்குத்தான் கொறன்னு எழுதிக் குடுத்த பிறவும் எனக்க பிள்ளையத்தானே ஊருல மலடின்னு சொல்லுதானுவ! அவ வாயத் தொறந்தாளா? இந்த விசிலையாவது ஒழுங்கா ஊதுல!"

ஷாலு டீச்சர் தன் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். அஜீஷ் தட்டிக்கொண்டிருந்த கையை மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டான். விஜின் நின்றது நின்றபடி நின்றான்.

"த்ரோ-இன்னில ஆஃப்சைடு இல்ல, சாரே," என்றான். "கோல் கிக்கிலயும் இல்ல. கார்னர்லயும் இல்ல."

"கண்டியளா?" என்று நேசமணி மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "ஏசினா ஏறுது." மடையன்! அந்த நிமிஷத்திலும் அவருக்குத் தன் பாடமுறைதான் பெரிதாகத் தெரிந்தது.

அன்று மருமகனும் மாமனாரும் ஒரே ரயிலில் வேறு வேறு பெட்டியில் வந்தார்கள். நேசமணி வீடு சேரும்போது விஜின் கைகால் கழுவிச் சாப்பிட உட்கார்ந்திருந்தான். ரெம்யா சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

"டாக்டரு சொன்னத நீ ஆருட்ட சொன்ன?" என்று கேட்டான். குரலில் கோபமே இல்லை.

ரெம்யாவின் கை நின்றது. "அம்மைட்ட மட்டும். ஏன், என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. ரசம் ஊத்து."

அவ்வளவுதான் கேட்டான். சரசம்மாவுக்கு விஷயம் தெரிந்தபோது தலையில் அடித்துக்கொண்டாள். "பிள்ள எனக்க கைய பைபிள்ல வச்சி சத்தியம் வாங்கீட்டு சொன்னதாக்கும். ஒங்க மொகத்தப் பாத்து பொறுக்கமாட்டாம நான் சொல்லிப்போட்டேன். அத சந்தையில கொண்டு வித்துட்டு வந்திருக்கியளே, பாவி மனுசா!"

மன்னிப்புக் கேட்க நேசமணிக்கு ஆசைதான். ஆனால் மருமகனிடம் நேரே போய் எப்படி? மகளிடம் சொல்லி அனுப்பினார். ரெம்யா போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். "செரின்னு சொன்னாரு," என்றாள். இடது கண்ணோரம் துடைத்த ஈரம் இருந்தது.

அதன் பிறகு விஜின் ஒரு வகுப்பையும் விடவில்லை. வீட்டில் புத்தகத்தைத் தனியாகப் படித்தான். அடிக்கவில்லை, குடிக்கவில்லை, வீட்டைவிட்டுப் போகவுமில்லை. ரெம்யாவுக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தான். குழம்பு கொஞ்சம் கரித்தால் கூப்பிடுவான். "உப்பு எத்தன கரண்டி போட்ட? நின்னு சொல்லு. கேக்கல்ல. தெங்குல ஏறுத கொரங்குக்கும் இதுக்குள்ள வெளங்கியிரிக்கும்." சட்டையில் இஸ்திரி மடிப்புப் பிசகினால் கூப்பிடுவான். சொற்கள் எல்லாம் நேசமணி உபயோகித்தவை, வரிசைகூட மாறவில்லை. ரெம்யா நின்று பதில் சொல்வாள். முதலில் அழுதாள். பிறகு அழுவது நின்றுவிட்டது, அதைப் பார்க்கத்தான் சரசம்மாவுக்குப் பொறுக்கவில்லை. நேசமணி நாற்காலியிலிருந்து எழும்புவார், இரண்டடி வைப்பார், மறுபடி உட்காருவார். வேறு எவனாவது தன் மகளை அப்படிச் சொன்னால் மிளகாய்ச் சாக்கைத் தூக்கி அவன் தலையில் போட்டிருப்பார். இவன் மருமகன். மகளை வதைக்காதே என்று மருமகனுக்குச் சொல்ல வேண்டும் என்றால், அதையும் அந்த மகளிடமா சொல்லி அனுப்புவது?

பிப்ரவரியில் முடிவு வந்தது. இருபத்திரண்டு பேரில் விஜின் முதல். அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து அஜீஷ், ஷாலு டீச்சர், இன்னும் மூன்று பேர் பாறசாலைக்கு வருகிறார்கள் என்று ஏற்பாடு. சனிக்கிழமை விஜின் ரெம்யாவிடம் ஒரு செய்தி சொன்னான். நகரத்தில் ஒரு ரூம் பார்த்திருக்கிறேன், ஒரு ஆளுக்கா ரெண்டு ஆளுக்கா என்று ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு தீர்மானிப்பேன் என்று. ரெம்யா அம்மாவிடம் சொன்னாள். காலையில் சரசம்மா ஆப்பத்துக்கு மாவு கரைத்துக்கொண்டே புருஷனிடம் கெஞ்சினாள்.

"இண்ணைக்கு அவரு என்ன சொன்னாலும் செரின்னு சொல்லுங்க. பகல ராத்திரின்னு சொன்னாலும் செரி. பிள்ள அவரோட போயி நல்லாயிருக்கட்டு. ஒருக்க, ஒரேயொருக்க, இந்த வாய அடக்குங்க."

விருந்து நன்றாகத்தான் நடந்தது. ஆப்பம், நாட்டுக்கோழி, அவியல், பாலடைப் பாயசம். விஜின் புதுச்சட்டை போட்டு எல்லாருக்கும் தானே பரிமாறினான். நேசமணிக்குக் கோழித்தொடையை எடுத்து வைத்து, "தின்னுங்க மாமா, நீங்க போட்ட பிச்சையாக்கும் இதொக்க," என்றான். எல்லாரும் சிரிப்பதா வேண்டாமா என்று பார்த்தார்கள். அஜீஷுக்கு அன்று வாயே திறக்கவில்லை. ரெம்யா சாயா கொண்டு வந்தாள்.

"நில்லு," என்றான் விஜின். "இவளுக்க டியூஷன பத்தி எல்லாரும் கேட்டிரிக்கியளே. இன்னைக்கு நேருல பாருங்க. எடி, பெனால்டி ஒருத்தன் அடிக்குதான். பந்து போஸ்டில பட்டு திரும்பி அடிச்சவனுக்க காலுக்கே வருது. வேற ஆரும் தொடல்ல. அவன் பின்னயும் அடிச்சு கோலாக்குனா?"

ரெம்யா தட்டைக் கீழே வைக்கவில்லை. "கோல் இல்ல. வேற ஒரு ஆளு தொடாம அடிச்சவன் பின்னயும் தொடப்பிடாது."

"தப்பு. கோலாக்கும்."

அஜீஷ் தலை நிமிர்த்தினான். ஷாலு டீச்சர் வாய் திறந்து மூடினாள். அங்கே உட்கார்ந்திருந்த ஆறு பேருக்கும் தெரியும், ரெம்யா சொன்னதுதான் விதி. விஜினுக்கும் தெரியும்.

"இல்ல, தொடப்பிடாது," என்றாள் ரெம்யா. சத்தம் சின்னது, ஆனால் நடுக்கம் இல்லை. இரண்டு மாதத்தில் அவள் மறுத்துப் பேசியது அன்றைக்குத்தான்.

"எனக்கு தெரியாதா, ஒனக்கு தெரியுமா? செரி, நமக்கு என்னத்துக்கு தர்க்கம். சாரு இரிக்காரே." விஜின் நாற்காலியைத் திருப்பிப் போட்டு மாமனாருக்கு நேரே உட்கார்ந்தான். "மாமா, நீங்க சொல்லுங்க. ஆரு சொன்னது செரி?"

ரெம்யா அப்பாவைப் பார்த்தாள். அந்த முகத்தில் பயம் இல்லை. அப்பா ஆயிரம் பேசுவார், வாய் பொல்லாதது, ஆனால் பந்து விஷயத்தில் மட்டும் பெற்ற தாய்க்காகவும் பொய் சொல்லமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். அதை அவர் சொல்லிவிட்டால் போதும், ரூமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்பது போல நின்றாள். அடுக்களை வாசலில் சரசம்மா சேலைத்தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

நேசமணி தொடைக்கறியைக் கீழே வைத்தார். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார்.

"மருமவன் சொன்னதாக்கும் செரி," என்றார்.

விஜின் தலையாட்டினான். "கேட்டியா? இனி நீ ஒருக்க சொல்லு, எல்லாரும் கேக்கட்டு."

ரெம்யா இன்னும் அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "போஸ்டில பட்டு வந்த பந்த அடிச்சவனே பின்னயும் அடிக்கலாம்," என்றாள். "அது கோலாக்கும், சாரே."

பிறகு ஒவ்வொருவர் முன்னாலும் சாயாவை வைத்தாள். அப்பாவுக்கு வைக்கும்போது சர்க்கரை போதுமா என்று கேட்டாள். போதும் என்றார்.